நாற்பது பட்டை, நான்கு நிமிடம்

நேற்று சாயங்காலம் ஒரு பியானோவின் நீள பிரிட்ஜை ஒட்டி முடித்தோம். ஒட்டுவதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம், அதற்கு முன்னால் நடந்த வேலை நான்கு நாள். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வஜ்ரப் பசையின் வாசனை இன்னும் போகவில்லை.

நான் வேலை பார்ப்பது டொரோண்டோவுக்குக் கொஞ்சம் வெளியே, பழைய கிராண்ட் பியானோக்களைப் பிரித்து மறுபடி கட்டும் ஒரு சிறிய பட்டறையில். எழுபது வயதைத் தாண்டிய முதலாளி, நான், இன்னொரு பையன், மொத்தம் மூன்றே பேர். இப்போது கையில் இருப்பது 1920களில் செய்த ஆறடி கிராண்ட். அதன் சவுண்ட்போர்டு, அதாவது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் ஒலிப்பலகை, நாலைந்து இடத்தில் வெடித்து, மேல்நோக்கிய வளைவெல்லாம் போய்த் தட்டையாகக் கிடந்தது. அதனால் புதுப் பலகை. பலகை இழைத்தாகிவிட்டது, அடியில் ரிப்கள் என்கிற குறுக்குக் கட்டைகளை ஒட்டியாகிவிட்டது, அடுத்தது பிரிட்ஜ். இந்த ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நான் செய்த முதல் பிரிட்ஜ் கெட்டுப்போனது இங்கேதான், அது ஏன் கெட்டது என்று எனக்கு விளங்கவே ஒரு வருடம் ஆனது.

பியானோவைத் திறந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீணையில் நாம் குதிரை என்கிறோமே, அதேதான் இந்த பிரிட்ஜ். கம்பி அதன்மேல் ஏறிப் போகும், கம்பியின் அதிர்வு அது வழியாகப் பலகைக்கு இறங்கும். கம்பி மெல்லியது, அதனால் காற்றை அதிகம் அசைக்க முடியாது. நம் காதுக்கு வருவது பெரும்பாலும் பலகை அசைக்கிற காற்று. வயலினில் குதிரையை யாரும் ஒட்டுவதில்லை, நான்கு கம்பிகளின் அழுத்தமே அதை நிற்க வைத்துவிடும். பியானோவில் அது நடக்காது. சுமார் 230 கம்பிகள், எல்லாவற்றின் இழுவிசையையும் கூட்டினால் பதினெட்டு, இருபது டன் வரும். ஒவ்வொரு கம்பியும் பிரிட்ஜின்மேல் இரண்டு ஆணிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது, அதாவது பிரிட்ஜைப் பக்கவாட்டிலும் நெருக்குகிறது. போதாததற்குக் கீழ்நோக்கியும் அமுக்குகிறது. கம்பி பிரிட்ஜைத் தாண்டும்போது ஒரே ஒரு பாகை வளைந்தாலும், பதினெட்டு டன்னில் அது 300 கிலோவுக்கு மேல் வருகிறது. இத்தனையும் தாங்கி, ஒரு மயிரிழை அசையாமல், அதே நேரம் பலகையோடு ஒரே மரம் மாதிரி அதிர வேண்டும். இடையில் இருப்பது ஒரு பசைக் கோடு மட்டும்.

மரமும் ஒன்றல்ல. பலகை ஸ்ப்ரூஸ், 8 முதல் 10 மி.மீ. தடிமன், ஓரத்துக்குப் போகப்போக மெலிய வைப்போம், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மிருது. பிரிட்ஜ் மேப்பிள், கட்டை மாதிரி கடினம். நல்ல வேளையாக நீள பிரிட்ஜ் ஏறக்குறைய பலகையின் ரேகை ஓடும் திசையிலேயே ஓடுகிறது. மழைக்காலத்தில் மரம் விரிவது ரேகைக்குக் குறுக்கேதான், ரேகையோடு அது கிட்டத்தட்ட விரிவதே இல்லை. அதனால் இரண்டு மரமும் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொள்வது குறைவு. ரிப்கள் அப்படியில்லை, அவை ரேகைக்குக் குறுக்கே ஒட்டப்படுபவை, அந்தச் சண்டை வேறு கதை.

என் முதல் பிரிட்ஜுக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சின்ன கிராண்ட். முதலாளி ஊரில் இல்லை, நானே செய்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிரிட்ஜின் அடிப்பாகம் பலகைமேல் சரியாக உட்காரவில்லை, ஐந்தாவது ஆறாவது சப்தகம் இருக்கும் இடத்தில் அரை மி.மீ. இடைவெளி. அரை மி.மீ.தானே, கிளாம்பை இறுக்கினால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவும் செய்தது. ஆழமான வாய் கொண்ட பெரிய கிளாம்புகள், கையால் முடிந்த மட்டும் முறுக்கினேன், பசை இரண்டு பக்கமும் பொங்கி வழிந்தது, பார்க்க அழகாக இருந்தது. கம்பி பூட்டி சுருதி சேர்த்தபோது அந்தப் பகுதி மட்டும் ஊமையாக ஒலித்தது, அடித்தவுடன் டொக் என்று செத்துப்போகும். பியானோவில் அந்த இடம் எப்போதுமே பலவீனமானது என்று தெரிந்ததால் நான் பலகையின்மேல் பழியைப் போட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு சுரத்தில் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. முதலாளி ஒரு மெல்லிய தகட்டை பிரிட்ஜுக்கு அடியில் வைத்துத் தள்ளினார், அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் கிளாம்பை எடுத்த நிமிடத்திலிருந்தே மேப்பிள் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பலகை மெல்லியது, அதுவும் கூடவே வளைந்திருக்கிறது, அந்த இடத்தில் பலகையின் வளைவு கெட்டதற்கு நானே காரணம். எங்கே இரண்டும் சேரவில்லையோ அங்கே பசை கண்ணாடி மாதிரி தடித்துக் கிடந்தது, அதில் பலமே இல்லை. எங்கே நன்றாக உட்கார்ந்திருந்ததோ அங்கே பசை கண்ணுக்கே தெரியவில்லை, ஸ்ப்ரூஸின் நார்கள் பிய்ந்து மேப்பிளோடு வந்தன.

அதற்குப் பிறகு நான் கிளாம்பைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. பசை இல்லாமல் பிரிட்ஜைப் பலகைமேல் வைத்து விரலால் ஆங்காங்கே தொட்டாலே அது முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். கிளாம்ப் செய்ய வேண்டியது, பசையை மெல்லிசாக்கிக் காயும் வரை பிடித்துக்கொள்வது மட்டும்தான். பொருந்தாத மரத்தைப் பொருந்த வைக்கும் வேலையை அதற்குக் கொடுத்தால் அது அப்போதைக்குச் செய்துவிட்டு அப்புறம் நம்மை மாட்டிவிடும்.

சரி, நான்கு நாளில் என்ன செய்தோம்?

முதல் நாள் முழுக்க இடம் குறிப்பதிலேயே போனது. பழைய பலகையை எடுப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியின் அதிரும் நீளத்தை அளந்து எழுதியிருந்தோம், பிரிட்ஜின் உருவத்தை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் படியெடுத்தும் வைத்திருந்தோம். அந்தத் தாளை இரும்புச் சட்டத்தோடு ஒத்துப்பார்த்துப் புதுப் பலகைமேல் பென்சிலால் இறக்கினோம். பேஸ் பக்கம், அதாவது தாழ்ந்த சுரங்களின் பக்கம், ஒரு மி.மீ. அங்கே இங்கே இருந்தால் யாருக்கும் கேட்காது. மேல் கோடியில் கதை வேறு. கடைசி சுரமான 88வதின் கம்பி அதிரும் நீளம் சுமார் 5 செ.மீ.தான், அதில் 1 மி.மீ. தவறினால் 2 சதவீதம், அதே சுருதிக்கு இழுவிசை 4 சதவீதம் மாறிவிடும். சுத்தியல் கம்பியில் அடிக்கும் இடமும் தப்பிப்போகும். அதனால் மேல் கோடியிலிருந்து குறிக்க ஆரம்பித்துக் கீழே வந்தோம், மூன்று தடவை.

இரண்டாவது, மூன்றாவது நாள் அடிப்பாகத்தை இழைப்பது. பலகை தட்டையாக இல்லை, ரிப்களின் மேல்விளிம்பு சுமார் 18 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு மாதிரி செதுக்கப்பட்டிருக்கிறது, ஒரு மீட்டர் நீளத்துக்கு நடுவில் 7 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் அந்த வளைவைச் சாய்வாகக் கடந்து போவதால் அதன் அடியில் தேவைப்படும் குழிவு அதைவிடக் குறைவு, எங்கள் பலகையில் கிட்டத்தட்ட 2 மி.மீ. வந்தது. ஆனால் அது ஒரே சீராக வராது. பலகைமேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, பிரிட்ஜை வைத்து லேசாக அசைத்து எடுத்தால், மேடான இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். அதை மட்டும் சின்ன இழைப்புளியால் ஓர் இழை எடுக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். மேடு குறையக் குறைய வெள்ளைப் புள்ளிகள் பெருகிப் பரவும். கடைசியில் ஒரு துண்டு சிகரெட் தாளை எந்த இடத்திலும் அடியில் நுழைக்க முடியக்கூடாது. பையன் உப்புத்தாளைப் பலகைமேல் ஒட்டி பிரிட்ஜை முன்னும் பின்னும் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே என்றான். முடியும், நிறைய பட்டறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் தேய்க்கும்போது இரண்டு ஓரமும் உருண்டு போகும் ஆபத்து உண்டு. எனக்கு இழைப்புளிதான் பிடித்திருக்கிறது. முதலாளிக்கும்.

இதில் ஒரு விஷயத்தை நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்தேன். பொருத்திப் பார்க்கும்போதும் ஒட்டும்போதும் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. வெறும் மேசைமேல் வைத்தால் பலகை அமுங்கும், அமுங்கிய பலகைக்குப் பொருத்தமாக நீங்கள் பிரிட்ஜைச் செதுக்குவீர்கள், அப்புறம் எடுத்து நிறுத்தினால் எல்லாம் பொய். அதனால் ஒரு படுக்கை செய்திருக்கிறோம்: ஒவ்வொரு ரிப்புக்கும் கீழே அதன் வளைவுக்கு ஏற்ற தாங்குகட்டை. ஆனால் ரிப்களுக்கு நடுவே பத்து, பன்னிரண்டு செ.மீ. இடைவெளி இருக்கிறதே, அங்கே 9 மி.மீ. ஸ்ப்ரூஸ் மட்டும்தான், மேலிருந்து அமுக்கினால் அலை அலையாக இறங்கிவிடும். அதற்கு பிரிட்ஜ் போகும் பாதைக்கு நேர் கீழே சின்னச் சின்ன மரத்துண்டுகளை ரிப்பின் உயரத்துக்குச் சரியாக வெட்டி முட்டுக்கொடுத்தோம். சில துண்டுகளுக்குக் காகிதம் மடித்து வைக்க வேண்டியிருந்தது. நாலாவது நாள் காலை முழுக்க இதற்கே போனது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் விளையாடுகிறோம் என்றுதான் தோன்றும்.

அடுத்தது அழுத்துவது எப்படி. பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே அழுத்து இயந்திரம் உண்டு. எங்களிடம் இருப்பது கோ-பார் மேடை, கிட்டார் செய்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். கீழே ஒரு தளம், மேலே உறுதியான ஒரு கூரை, நடுவில் பலகை. கூரைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள உயரத்தைவிட ஒரு செ.மீ. நீளமான மரப்பட்டையை வளைத்து உள்ளே செருகினால் அது நிமிரப் பார்த்து இரண்டு பக்கமும் அமுக்கும். எங்களுடையவை ஆஷ் மரப் பட்டைகள், 90 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பட்டை கொஞ்சம் வளைந்தாலும் நிறைய வளைந்தாலும் அது கொடுக்கும் அழுத்தம் அநேகமாக ஒன்றேதான். திருகு கிளாம்பில் அப்படி இல்லை, கையின் கோபத்தைப் பொறுத்து ஒன்று 50 கிலோ, இன்னொன்று 300 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் கருவியை அடியில் வைத்து அளந்தேன், ஒரு பட்டைக்கு 30 கிலோ சொச்சம். நாற்பது பட்டை என்றால் 1,200 கிலோ. ஒட்டும் பரப்பு ஒன்றரை மீட்டர் நீளம், 3 செ.மீ. அகலம், அதாவது 450 சதுர செ.மீ., வகுத்தால் சதுர செ.மீ.க்கு 2.7 கிலோ வருகிறது. மென்மரத்துக்கு 7 முதல் 10 கிலோ வரை கொடுக்க வேண்டும் என்று பசை பற்றிய புத்தகங்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கு தொழிற்சாலைக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் மரங்களுக்கும் சேர்த்துப் போட்டது. சிகரெட் தாள் நுழையாத பொருத்தத்துக்கு எங்களுடையது போதும், இதுவரை ஒன்றும் பிரிந்து வரவில்லை.

இப்போது பசை. இந்த வேலைக்கு ஃபெவிகால் மாதிரியான, மஞ்சள் நிற பி.வி.ஏ. வகைப் பசையை நிறைய பேர் போடுகிறார்கள், எபாக்சி போடுபவர்களும் உண்டு. எல்லாமே ஒட்டும். நாங்கள் போடுவது விலங்குத் தோலிலிருந்து வரும் பழைய பசை, சூடான நீரில் பாத்திரம் வைத்து 60 டிகிரியில் உருக்குவது. போன வாரம் கும்பகோணத்துக்கு ஃபோன் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா தச்சு வேலை செய்தவர், கதவு, ஜன்னல், கட்டில்.

"வஜ்ரமா? கனடா போயும் வஜ்ரம்தான் காய்ச்சுறியாம்மா? எங்கப்பா காய்ச்சும்போது வீட்டுக்குள்ளயே நிக்க முடியாது."

"இங்க அவ்வளவு நாத்தம் இல்லப்பா. சுத்தம் பண்ணி மணி மணியா வருது."

"கொதிக்க விட்டுடாத. கொதிச்சா செத்துடும்."

தாத்தா காலத்து விஷயம் அது. 1959இல் ஃபெவிகால் வந்து, அப்பா தொழிலுக்கு வந்த கொஞ்ச வருடத்திலேயே எங்கள் வீட்டில் வஜ்ரச் சட்டி பரணுக்குப் போய்விட்டது. ஆனால் கொதிக்க விடாதே என்பதை அப்பா மறக்கவில்லை, முதலாளியும் முதல் நாள் எனக்குச் சொன்னது அதே வார்த்தை.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால், இரண்டு காரணம். காய்ந்தபின் இது இறுகி நிற்கும். பி.வி.ஏ. வகைகளில் சில, விடாத சுமைக்கு அடியில் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், இதில் அந்தக் கவலை இல்லை. இரண்டாவது, நாளைக்கு யாராவது இதைக் கழற்ற வேண்டி வந்தால் சூடும் ஈரமும் கொடுத்துக் கழற்றலாம், மரம் பிழைக்கும். நூறு வருடம் கழித்து இதே பியானோவை இன்னொருவர் திறப்பார் என்று நான் உண்மையாகவே நினைத்துத்தான் வேலை செய்கிறேன், இப்போது நான் திறந்ததைப் போல.

இதன் கஷ்டம் நேரம். சூடு தணிந்தவுடன் ஜெல்லியாகிவிடும், குளிர்ந்த மரத்தில் தடவினால் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் பசையில் கொஞ்சம் யூரியா கலக்கிறோம். ஆமாம், வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான், அது ஜெல்லியாவதைத் தள்ளிப்போடும். ரொம்பப் போட்டால் பலம் குறையும். அறையை 30 டிகிரிக்குச் சூடாக்கினோம், பிரிட்ஜை ஒரு வெப்பப் பெட்டியில் வைத்திருந்தோம். பலகையைச் சூடாக்குவதில்தான் நிதானம் வேண்டும், கூடுதலாகக் காட்டினால் ஸ்ப்ரூஸ் காய்ந்து சுருங்கி வளைவு மாறிவிடும், மூன்று நாளாகப் பார்த்துப் பார்த்துச் செய்த பொருத்தம் பாழ். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அந்தப் பாதையில் மட்டும் விளக்கைக் காட்டினோம், கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும் அளவுக்கு.

பசை இல்லாமல் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். யார் எந்தப் பக்கம், எந்தப் பட்டை எங்கே, கடிகாரத்தோடு. முதல் ஒத்திகை ஏழு நிமிடம், இரண்டாவது நாலரை. பிரிட்ஜில் மூன்று இடத்தில் மெல்லிய துளை போட்டுப் பலகைவரை இறக்கி, அதில் 3 மி.மீ. மர முளைகளை வைத்திருந்தோம். ஈரப் பசைமேல் பிரிட்ஜ் மீன் மாதிரி வழுக்கும், ஒரு பட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் முழுவதும் நகர்ந்துவிடும், முளை இருந்தால் அந்தப் பயம் இல்லை.

அப்புறம் நிஜம். முதலாளி பலகையில் தடவினார், நான் பிரிட்ஜில் தடவினேன், இரண்டு பக்கமும் தடவினால்தான் ஸ்ப்ரூஸ் பசையை எல்லாம் குடித்துவிட்டு நடுவில் ஒன்றும் இல்லாமல் போகாது. முளைகளில் உட்கார வைத்து, நடுவிலிருந்து தொடங்கி நானும் பையனும் ஆளுக்கொரு திசையில் பட்டைகளைச் செருகிக்கொண்டே போனோம், பசை ஓரங்களை நோக்கி நகர வேண்டும் என்பதற்காக. ரிப்புக்கு நேர் மேலே முதலில், அப்புறம் இடைவெளிகளில். யாரும் பேசவில்லை, முதலாளி மட்டும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொன்னார். கடைசிப் பட்டை மேல் கோடியில், அது கொஞ்சம் முரண்டு பிடித்தது, பையன்தான் போட்டான். நான்கு நிமிடம் ஐந்து விநாடி.

குனிந்து பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் கடுகு கோத்த மாதிரி சின்னச் சின்ன மணிகளாகப் பசை, இடைவெளி இல்லாமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. முதல் தடவை நான் பார்த்து மகிழ்ந்த அந்தப் பொங்கி வழிதல் இல்லை. அதைத் துணியால் உடனே துடைக்கவில்லை, துடைத்தால் ஈரம் ஸ்ப்ரூஸுக்குள் போகும். ஜெல்லியானதும் கூரான மரக்குச்சியால் நாடா மாதிரி உரித்து எடுத்தோம்.

இன்று காலை பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். பிரிட்ஜை விரல் முட்டியால் ஒரு கோடியிலிருந்து தட்டிக்கொண்டே போனேன், பலகை முழுவதும் பதில் சொன்னது, எங்கேயும் பொத்தல் சத்தம் இல்லை. ஐந்தாவது ஆறாவது சப்தகத்தில் மட்டும் நாலைந்து தடவை தட்டினேன். தகட்டையும் வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை.

இனி பத்து நாளாவது சும்மா விட வேண்டும், பசையோடு மரத்துக்குள் போன தண்ணீர் வெளியே வந்து பலகை அறையின் ஈரத்துக்கு, அதாவது 42 சதவீதம் பக்கத்துக்கு, திரும்பும்வரை. அதற்குப் பிறகுதான் பிரிட்ஜின் மேல்பாகத்தை இழைத்துக் கம்பியின் அழுத்தத்துக்கான உயரத்தை முடிவு செய்ய முடியும், வேண்டுமென்றே இப்போது 2 மி.மீ. உயரமாக விட்டிருக்கிறோம். நாளை கீழேயிருந்து, ரிப்களுக்கு நடுவே, வட்ட மரப் பொத்தான்கள் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது. பேஸ் பிரிட்ஜ் இன்னும் மேசையில் அப்படியே கிடக்கிறது, அது குட்டையானது, ஒன்றரை நாளில் பொருத்திவிடலாம் என்று நினைக்கிறேன். வஜ்ரம் ஊறப் போட்டாகிவிட்டது.